கொடுத்திருக்கிறேன், கொடுத்துவிட்டேன்

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. ஒருவருக்குச் சுதந்திரம் கொடுப்பது என்பதைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம், அப்படிச் சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்லிவிடுகிறோம் என்பதே அந்தப் பொருள். ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்து, இந்த ஐந்துக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உறவினர் கூடியிருந்த ஓர் இடத்தில், "என் பிள்ளைகளுக்கு நான் முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். என் பெரியம்மா உடனே, "கொடுத்திருக்கிறாயா, தண்ணீர் தெளித்து விட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனத்தில் தைத்துக்கொண்டது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? சுதந்திரத்துக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: உங்கள் பெரியம்மா கேட்டது வேடிக்கையாகத் தோன்றினாலும், மொழியின் மிக நுட்பமான ஓரிடத்தைத் தொட்டுக் கேட்ட கேள்வி அது.

'தண்ணீர் தெளித்து விடுதல்' என்ற வழக்குக்கு, இனி இவனைக் கண்டித்துப் பயனில்லை என்று முடிவுசெய்து, அவன் போக்கில் போகட்டும் என்று விட்டுவிடுதல் என்று பொருள். வெளிப்பார்வைக்கு அவ்வாறு விடப்பட்டவன் கட்டற்றவனாகத்தான் இருப்பான்; எங்கே போனாய், ஏன் தாமதம் என்று யாரும் அவனைக் கேட்கமாட்டார்கள். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கும் அங்கே ஆள் இருக்காது. கட்டுப்பாட்டை விலக்கும்போது கூடவே அக்கறையையும் விலக்கிக்கொண்டதைச் சொல்வதால்தான், இந்தத் தொடர் எப்போதும் ஒரு கசப்போடு ஒலிக்கிறது.

இந்தத் தொடர் வழங்கும் முறையையும் கவனியுங்கள். பெரும்பாலும் இது பொறுப்பில் இருக்கும் மூத்தவர் இளையவரைப் பற்றிச் சொல்வதாகவே அமையும்; பிள்ளைகள் பெற்றோரைத் தண்ணீர் தெளித்து விட்டதாகச் சொல்லும் வழக்கம் இல்லை. காலமும் அநேகமாக இறந்தகாலமே. "தண்ணீர் தெளித்து விட்டாயிற்று" என்று, செய்தவர் யார் என்பதே தெரியாதவாறு எழுவாயை மறைத்துச் சொல்வது மிகுதி. 'நான் தெளித்து விட்டேன்' என்று தன்மையில் சொல்ல நா கூசுவதால்தான் 'ஆயிற்று' என்னும் வினைமுற்றுக்குப் பின்னால் பேசுகிறவர் ஒளிந்துகொள்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சில வேளைகளில் விடப்பட்டவரே, "என்னையெல்லாம் எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள்" என்று தம்மைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்கிறவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும், அந்த வாக்கியத்தின் அடியில் ஒரு தாங்கல் இருக்கும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். ஒன்றைத் தன் உடைமையிலிருந்து நீக்குகிறேன் என்பதற்கு நீரைச் சாட்சியாக வைக்கும் வழக்கம் நம்மிடம் மிகப் பழையது. மூவேந்தரும் ஒருங்கிருந்தபோது அவர்களைப் பாடிய ஔவையார், "ஏற்ற பார்ப்பார்க்கு ஈர்ங்கை நிறையப் பூவும் பொன்னும் புனல்படச் சொரிந்து" என்கிறார். புறநானூற்றின் 367ஆம் பாட்டு அது. பெறுபவரின் கை நீரால் ஈரமாகிறது, அந்த நீரோடு பொருளும் சேர்ந்து போகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலக்கொடையைச் சொல்லுமிடத்தில் 'நீரோடு அட்டிக் கொடுத்தோம்' என்ற தொடர் வருகிறது. அட்டுதல் என்றால் வார்த்தல். 'தாரை வார்த்தல்' என்று நாம் இன்று சொல்வதும் இதன் தொடர்ச்சியே. விழுந்த நீரைத் திரும்ப அள்ள முடியாது என்பதால், கொடுத்ததையும் திரும்பக் கேட்க முடியாது.

ஆனால் தாரை வார்ப்பதற்கும் தண்ணீர் தெளித்து விடுவதற்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தாரை வார்த்தால் அந்தப் பக்கம் கை நீட்டிப் பெறுகிறவர் ஒருவர் இருக்கிறார். பொருள் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகிறது. தண்ணீர் தெளித்து விடும்போது அவ்வாறு பெற்றுக்கொள்பவர் எவரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட ஆட்டையோ மாட்டையோ மஞ்சள் நீர் தெளித்து அவிழ்த்து விடுவதோடு இத்தொடரைச் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தமானது என்று என் மனம் சாய்கிறது. நேர்ந்து விடப்பட்ட விலங்கு வீட்டுக்காரருக்கு உரியதன்று. அது எந்தத் தோட்டத்தில் மேய்ந்தாலும் அவர் பொறுப்பில்லை. கோயில் மாடு போல் திரிகிறான் என்று ஒருவனைச் சொல்வதும், அவனைத் தண்ணீர் தெளித்து விட்டார்கள் என்று சொல்வதும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் வருவதைப் பார்த்தால், இரண்டும் ஒரே காட்சியிலிருந்து பிறந்தவை என்றே கொள்ளத் தோன்றுகிறது.

உங்கள் வாக்கியத்துக்குத் திரும்புவோம். "கொடுத்திருக்கிறேன்" என்றீர்கள். "கொடுத்துவிட்டேன்" என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டிலும் 'கொடு' என்பதே முதல்வினை என்றாலும் துணைவினைகள் வேறு. 'இரு' என்னும் துணைவினை, செய்த செயலின் விளைவு இன்னும் நீடிக்கிறது என்பதைக் காட்டும்; "அவனுக்கு நூறு ரூபாய் கொடுத்திருக்கிறேன்" என்றால், அந்தக் கணக்கு இன்னும் என் நினைவில் இருக்கிறது என்ற சாயல் அதில் உண்டு. 'விடு' என்னும் துணைவினை செயல் முற்றாக முடிந்ததைக் காட்டும். "கொடுத்துவிட்டேன்" என்றால் என் கை அதை விட்டு நீங்கிவிட்டது. ஆகவே "சுதந்திரம் கொடுத்திருக்கிறேன்" என்ற வாக்கியத்தில், கொடுத்தவள் நான், அது இன்னும் என் பார்வையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் திரும்பப் பெறவும் எனக்கு முடியும் என்ற பொருளெல்லாம் உங்களை அறியாமலே வந்து சேர்ந்துவிடுகிறது. பெரியம்மா சொன்னதோ அதற்கு நேர் எதிர்க்கோடி; அங்கே கணக்கும் இல்லை, பார்வையும் இல்லை.

இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் நிற்பதற்குத் தமிழில் இடமில்லாமற் போகவில்லை. 'விட்டுக்கொடுத்தல்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். விடுதலும் கொடுத்தலும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. தன் பிடியை முதலில் தளர்த்தி, அதனால் மற்றவருக்கு இடம் உண்டாக்கித் தருவதை அந்தச் சொல் குறிக்கிறது. அதே சொல்லை எதிர்மறையில், "பிள்ளையை எங்கேயும் விட்டுக்கொடுக்காமல் பேசுவாள்" என்று சொன்னால், பிறர்முன் கைவிடாமல் காப்பவள் என்று பொருளாகிறது. வீட்டுக்குள் விட்டுக்கொடுப்பவளாகவும் வெளியே விட்டுக்கொடுக்காதவளாகவும் ஒரு தாய் இருப்பதை இந்த ஒரு சொல்லைக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. நீங்கள் பிள்ளைகளுக்குச் செய்திருப்பது இதுதான் என்று உங்கள் கடிதத்தின் மற்றப் பகுதிகளைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

கேள்வி: அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். 'விடுதலை அளித்தார்', 'விடுதலை வழங்கியது', 'விடுதலை செய்தது', 'விடுவித்தது' என்று ஒரே கட்டுரையில் நான்கு விதமாக வருகின்றன. எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்திவிடலாமா?

பதில்: திருத்திவிடாதீர்கள். நான்கும் நான்கு செயல்கள்.

அளித்தல் என்பதன் அடியில் 'அளி' இருக்கிறது. அளி என்றால் அன்பு, கருணை. 'தண்ணளி' என்பதில் இருப்பதும் அதுவே. ஆகவே தண்டனை பெற்ற ஒருவரைக் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருணை மனுவை ஏற்று விடுவிக்கும்போது 'விடுதலை அளித்தார்' என்று எழுதுவது பொருந்தும். இந்திய அரசமைப்பில் 72ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கும் 161ஆம் உறுப்பு ஆளுநருக்கும் தரும் அதிகாரம், தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் உரிய அதிகாரம். அங்கே 'அளி' என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது. வழங்குதல் என்பது முறைப்படி கொடுக்கும் நிறுவனத்துக்கு ஏற்ற சொல்; பட்டம் வழங்குவது, சான்றிதழ் வழங்குவது போன்றது.

ஆனால் குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் ஒருவர் வழக்கிலிருந்து வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நீதிமன்றம் எந்தக் கருணையும் காட்டவில்லை. அவரிடம் இருந்திருக்கவேண்டிய ஒன்று அவரிடம் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே. அவரைப் பற்றி 'விடுதலை அளித்தது' என்று எழுதினால், அவர் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்றவர்போல ஆகிவிடுகிறார். இங்கே 'விடுதலை செய்தது' என்பதே நேர்மையான தொடர். விசாரணை தொடங்கும் முன்பே போதிய ஆதாரம் இல்லையென்று நீக்கப்பட்டால் 'வழக்கிலிருந்து விடுவித்தது' என்று எழுதுவது நீதிமன்றச் செய்திகளில் நிலைபெற்ற வழக்கு. பிணையில் வெளிவந்தவரை 'விடுதலையானார்' என்று எழுதவே கூடாது. வழக்கு இன்னும் அவர் தலைமேல் இருக்கிறது. 'பிணையில் வெளிவந்தார்' என்றோ 'பிணையில் விடுவிக்கப்பட்டார்' என்றோ எழுதுங்கள்.

'விடு', 'விடுவி' என்ற இரண்டையும் பற்றி ஒரு சொல். பிடித்துவைத்திருந்தவரே பிடியைத் தளர்த்தினால் 'விட்டார்'. வேறொருவர் தலையிட்டு, பிடித்திருந்தவரை விடச் செய்தால் 'விடுவித்தார்'. பிறவினையாகிய 'விடுவி' என்பதற்கு இந்த மூன்றாம் ஆள் உரியவர். கடத்தியவர்களே பிணைக்கைதிகளை அனுப்பிவைத்ததையும் 'விடுவித்தனர்' என்று இப்போது எழுதுகிறோம். அது வழக்கில் ஊன்றிவிட்டது, தடுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரே செய்தியில் கடத்தியவர்களும் மீட்டவர்களும் வரும்போது, முன்னவர்க்கு 'விட்டனர்', பின்னவர்க்கு 'மீட்டனர்' அல்லது 'விடுவித்தனர்' என்று பிரித்து எழுதினால், யார் செய்தது எது என்ற குழப்பம் படிப்பவருக்கு இருக்காது.

கேட்கும் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் 'ஈ', 'தா', 'கொடு' என்ற மூன்றும் இரத்தற் சொற்களாக வரும் என்று கூறி, 'ஈ' என்று கேட்பவன் தாழ்ந்தவன், 'தா' என்று கேட்பவன் ஒத்தவன், 'கொடு' என்று கேட்பவன் உயர்ந்தவன் என்று வகுக்கிறது. "கொடு என் கிளவி உயர்ந்தோன் கூற்றே" என்பது நூற்பா. அந்த முறைமையை இன்று யாரும் பின்பற்றுவதில்லை. இருந்தும், "எங்கள் உரிமையை எங்களுக்குக் கொடு" என்று ஒரு கூட்டம் முழங்கும்போது அதில் 'கொடு' என்ற சொல்தான் இயல்பாக வந்து விழுகிறது. கேட்பவர் குனிந்து கேட்கவில்லை என்பதை அந்த வினை இன்றும் காட்டிக்கொண்டிருப்பதாக நான் நினைக்கிறேன்.

கேள்வி: 'சுதந்திரம்' வடசொல், 'விடுதலை' தமிழ்ச்சொல், இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எங்கும் இட்டு எழுதலாமா? (கல்லூரி மாணவி)

பதில்: பிறப்பைப் பற்றி வகுப்பில் சொன்னது சரி. பொருள் ஒன்றே என்பதைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன்.

விடுதலை என்பது 'விடு' என்ற வினையிலிருந்து பிறந்தது. அதற்கு முன்னால் ஒரு கட்டு இருந்தாக வேண்டும். கட்டப்படாததை யாரும் விட முடியாது. காட்டிலேயே பிறந்து காட்டிலேயே வாழும் ஒரு மான் சுதந்திரமாக இருக்கிறது என்று சொல்லலாம்; விடுதலையாகி இருக்கிறது என்று சொன்னால், எந்தக் கூண்டிலிருந்து என்ற கேள்வி எழும். கடனிலிருந்து விடுதலை, நோயிலிருந்து விடுதலை, அடிமைத்தனத்திலிருந்து விடுதலை என்று ஐந்தாம் வேற்றுமை உருபு அதற்கு முன்னே வந்து நிற்பதைக் கவனியுங்கள். 'கடனிலிருந்து சுதந்திரம்' என்று எழுதினால் தமிழ் காதுக்கு இடறுகிறது.

சுதந்திரம் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. 'ஸ்வ' என்றால் தன். 'தந்திரம்' என்றால் நெறி, ஒழுங்கு, ஆட்சிமுறை. தன் நெறியிலே தான் நடப்பது சுதந்திரம். ஆனால் தமிழுக்குள் வந்தபின் அதற்கு வேறொரு பொருளும் வேரூன்றியது. ஊரில் பணிசெய்தவர்களுக்குக் களத்து விளைச்சலிலிருந்து வழிவழியாகக் கிடைத்துவந்த பங்கையும், பரம்பரையாக ஒருவருக்கு உரிய பாத்தியதையையும் 'சுதந்திரம்' என்றே வழங்கினார்கள். இந்தப் பொருளை இன்றும் உயிரோடு பார்க்க வேண்டுமானால் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் திறக்கலாம். "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் வருகிறது. சுதந்தரித்துக்கொள்ளுதல் என்றால் வாரிசுரிமையாகப் பெறுதல். வாரிசுக்கு அங்கே 'சுதந்தரவாளி' என்று பெயர். நாம் இன்று சுதந்திரம் என்று சொல்லும் பொருளுக்கு அதே நூல், "சத்தியம் உங்களை விடுதலையாக்கும்" என்று யோவானிலும், 'சுயாதீன நிலைமை' என்று கலாத்தியரிலும் வேறு சொற்களை எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பழைய பொருள் இன்றைய பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் அதை நினைவில் வைத்துக்கொண்டு 'சுதந்திரம் கொடுத்தார்கள்' என்ற தொடரைக் கேட்டுப் பாருங்கள். களத்தில் நின்று தன் பங்கைக் கேட்கிற மனிதனுக்கு அது வழங்கப்படும்போது, கொடுத்தவன் வள்ளல் ஆகிவிடுவதில்லை. வந்து சேரவேண்டியது வந்து சேர்கிறது. சுதந்திரம் என்ற சொல்லுக்குள் இருந்த 'உரியது' என்ற கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாட்டு விடுதலையைப் பற்றிப் பேசும்போது, 'ஆங்கிலேயர் 1947இல் இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்தார்கள்' என்று எழுதுவதற்கும், 'இந்தியா 1947இல் சுதந்திரம் அடைந்தது' என்று எழுதுவதற்கும் இடையில் நான் எப்போதும் இரண்டாவதையே தேர்ந்துகொள்வேன். இதற்கு முன்னோடியும் உண்டு. பாரதியார் 1921இலேயே மறைந்துவிட்டார். நாடு விடுதலை பெற்ற நாளைக் காணவில்லை. ஆனாலும் வரப்போகும் நாளை வந்துவிட்டதாகவே கொண்டு பாடியபோது, "ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்" என்றார். 'பெற்றோம்' என்றால் கொடுத்தவர் ஒருவர் வேண்டும். 'அடைந்தோம்' என்றால் நடந்து போய்ச் சேர்ந்த கால்கள் நம்முடையவை. முதல் பதிலில் சொன்ன துணைவினை இங்கேயும் வந்து நிற்பதைப் பாருங்கள்: அடைந்து*விட்டோம்*.

அவரே வேறோரிடத்தில், "விட்டு விடுதலை யாகிநிற் பாய்இந்தச் சிட்டுக் குருவியைப் போலே" என்கிறார். 'விட்டு' என்ற எச்சமும் 'விடுதலை' என்ற பெயரும் ஒட்டி நிற்கும் அந்த அடியில், மனிதனை விடுவிக்கும் இன்னொரு கை பேசப்படவே இல்லை. அவனே விட்டு, அவனே விடுதலையாகிறான். 'விட்டு' என்ற இடத்தில் வேறு எந்தச் சொல்லை வைத்தாலும் அந்த அடி இந்தப் பொருளைத் தாங்காது.

கேள்வி: குடியிருக்கும் வீட்டுக்கும் முத்திக்கும் 'வீடு' என்ற ஒரே சொல் எப்படி வந்தது? வீட்டுக்குள் இருப்பவர்களுக்கெல்லாம் அது விடுதலையாகத் தெரிவதில்லையே!

பதில்: கெடு என்பது கேடு என்றும், பெறு என்பது பேறு என்றும், சுடு என்பது சூடு என்றும் முதலெழுத்து நீண்டு பெயராவதுபோல, விடு என்பது வீடு ஆயிற்று. இலக்கணத்தில் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். ஆகவே வீடு என்பதன் நேர்ப்பொருள் 'விடுதல்'. நாள்முழுதும் சுமந்த சுமையையும் அலைச்சலையும் விடும் இடம் என்ற பொருளில் அது குடியிருப்புக்கு ஆகிவந்தது என்று கொள்வது பொருந்துகிறது. 'விடுதி' என்ற சொல்லிலும் இதே சாயல்தான். ஔவையாருடையதாக வழங்கும் வெண்பா, அறம் பொருள் இன்பம் மூன்றையும் சொல்லிவிட்டு, "இம்மூன்றும் விட்டதே பேரின்ப வீடு" என்று முடிகிறது. வீட்டுக்கு விளக்கம் 'விட்டது' என்பதைத் தவிர வேறில்லை.

இதைவிட எனக்கு நெருக்கமானது, 'வீடு செய்தல்' என்று ஒரு கூட்டுவினை பழந்தமிழில் வாழ்ந்ததுதான். நம்மாழ்வார், "வீடுமின் முற்றவும் வீடுசெய்து உம்முயிர் வீடுடை யானிடை வீடு செய்ம்மினே" என்று ஒரே பாசுரத்தில் அந்தச் சொல்லை நான்கு முறை சுழற்றுகிறார். அங்கே அது பற்றை விடுவது. சிலப்பதிகாரத்திலோ அது அரசாணையாகவே வருகிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறது. திருத்தங்காலைச் சேர்ந்த வார்த்திகன் என்பவனின் சிறுமகனுக்கு, வழிப்போக்கனான பராசரன் தன் அணிகலன்களைப் பரிசாக அளித்துவிட்டுப் போகிறான். திடீரென வந்த அந்தச் செல்வத்தைக் கண்டு, புதையல் எடுத்து மறைத்துவிட்டான் என்று அரசனின் ஆட்கள் வார்த்திகனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. காரணம் விசாரித்த பாண்டியன் தன் ஆட்சி தவறியதை உணர்ந்து, வார்த்திகனிடம் பொறுத்தருளுமாறு வேண்டி, ஊர்களைக் கொடுத்து, நிலத்தில் விழுந்து வணங்குகிறான். பிறகு யானையின் கழுத்தில் முரசை ஏற்றி இப்படி அறைவிக்கிறான்: "சிறைப்படு கோட்டம் சீமின் யாவதும் கறைப்படு மாக்கள் கறைவீடு செய்ம்மின்." சிறைச்சாலைகளைத் துடைத்துத் தூய்மை செய்யுங்கள்; இறை கட்டவேண்டியவர்களின் வரியை விட்டுவிடுங்கள் என்பது பொருள்.

'சீத்தல்' என்றால் துடைத்தல். சிறையில் இருப்பவர்களுக்கு விடுதலை கொடுங்கள் என்று அந்த ஆணை சொல்லவில்லை. சிறையைத் துடையுங்கள் என்கிறது. பிழை செய்தது அரசாக இருக்கும்போது, அழுக்கு இருப்பது சிறையில்தான் என்று ஒப்புக்கொள்ளும் வினை அது. மணிமேகலையும் அரசனிடம் கேட்டது இதே வினையால்தான்: "சிறையோர் கோட்டம் சீத்து" அதை அறவோர்க்கு உரிய இடமாக ஆக்குக என்று அவள் கேட்க, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது, அந்தக் காதைக்கும் அதுவே பெயர். 'கடன் தள்ளுபடி', 'வரி விலக்கு' என்று எழுதிப் பழகிவிட்ட நாம், 'கறைவீடு' என்ற அழகான சொல்லை முற்றிலும் மறந்துவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கேள்வி: மேற்படிப்புக்கு எங்கே போவது என்று என் மகள் கேட்டாள். அவளே முடிவு செய்யட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, "உன் இஷ்டம்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது; இரண்டு நாள் பேசவில்லை. நான் சொன்னதில் என்ன பிழை? (தந்தை ஒருவர்)

பதில்: அகராதிப்படி பிழை எதுவும் இல்லை. இஷ்டம் என்றால் விருப்பம். உன் விருப்பப்படி செய் என்பதே நீங்கள் சொன்னதன் பொருள். ஆனால் வழக்கில் "உன் இஷ்டம்" என்பது தனித்து, ஒரு முற்றுப்புள்ளியோடு வரும்போது, நான் சொன்னால் நீ கேட்கவா போகிறாய் என்ற மனத்தாங்கலின் குரலாக ஆகிவிட்டது. விவாதத்தின் முடிவில், சலித்துப்போனவர்கள் கதவைச் சாத்துவதற்குப் பயன்படுத்தும் தொடர் அது. அதன் அடுத்த படி "எப்படியோ போ". அதற்கும் அடுத்த படி, முதல் கடிதத்தில் பார்த்த தண்ணீர். உங்கள் மகள் ஏணியின் முதல் படியில் காலை வைத்தவுடன் கடைசிப் படியைக் கண்டுவிட்டாள்.

அந்தத் தொடரில் வினையே இல்லை என்பதையும் கவனியுங்கள். 'உன் இஷ்டம்' என்பதில் அவள் செய்யவேண்டிய செயலும் இல்லை, நீங்கள் செய்யப்போகும் செயலும் இல்லை. "உனக்கு எது பிடித்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்" என்றிருந்தால் 'எடுத்துக்கொள்' என்ற வினை அவள் கையில் ஒன்றை வைத்திருக்கும். "நீயே யோசித்து ஒரு முடிவுக்கு வா, என்னிடம் சொல்" என்றிருந்தால், முடிவு அவளுடையதாக இருக்க, கேட்பதற்கு நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்பதும் தெரிந்திருக்கும். சுதந்திரம், உரிமை, விடுதலை போன்ற பெரிய சொற்கள் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

'விடை கொடுத்தல்' என்று ஒரு தொடர் நம்மிடம் இருக்கிறது. விடை என்பதும் விடு என்ற வினையைச் சேர்ந்ததே. கேட்ட கேள்விக்குப் பதில் என்றும் பொருள், புறப்படுவதற்கு இசைவு என்றும் பொருள். உங்கள் மகள் எங்கே போகட்டும் என்று கேட்டபோது இரண்டு விடைகளையும் சேர்த்தே கேட்டிருக்கிறாள். நீங்கள் இசைவை மட்டும் கொடுத்து, பதிலைக் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். அவளை மறுபடி அழைத்து, உங்களுக்கு எது நல்லதாகத் தோன்றுகிறது என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்பிறகு முடிவை அவளிடம் விடுங்கள்.